முகம் ஒத்திருக்க வேண்டும்

சிங்காநல்லூரில் எங்கள் மில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவர்களில் திருமூர்த்தியைத் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லிவிடலாம். அப்படி ஒரு முடி அவனுக்கு. சுருட்டையாக, அடர்த்தியாக, எவ்வளவு எண்ணெய் வைத்து அமுக்கினாலும் அடங்காத முடி. ஸ்பின்னிங்கில் மெஷின்களைச் சரிபார்க்கிற பிட்டர் வேலை. பறக்கிற பஞ்செல்லாம் அதில்தான் வந்து உட்காரும். வேலை முடிந்து வரும்போது அறுபது வயசுக் கிழவன் மாதிரி இருப்பான். கேட்டுக்கு வெளியே குழாயடியில் நின்று தட்டி உதறி, முப்பது வயசுக்காரனாகி வீட்டுக்குப் போவான். மீசையும் அதே ரகம்தான். நான் டைம் ஆபீசில் உட்கார்ந்து வருகைக் கார்டு பார்க்கிறவன். எனக்கு அப்போதே வழுக்கை. அவனைப் பார்த்தால் கொஞ்சம் வயிற்றெரிச்சலாகக்கூட இருக்கும்.

முடியைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவன் வாழ்க்கையில் பின்னால் நடந்ததெல்லாம் இந்த முடியில் வந்துதான் சிக்கிக்கொண்டது.

மில்லைத் தொண்ணூற்று மூன்றில் மூடினார்கள். நஷ்டமாம். முந்தின வருஷம்வரை கார் மேல் கார் வாங்கியவர்களுக்குத் திடீரென்று எப்படி நஷ்டம் வந்தது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கேட்டில் பந்தல் போட்டு உட்கார்ந்தோம். ஒருநாள் திருச்சி ரோட்டில் மறியல் செய்தோம். போலீஸ் வேன் வந்து எங்களை அள்ளிப்போட்டுக்கொண்டு போய் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்து, மத்தியானம் சாம்பார் சாதம் போட்டு, சாயங்காலம் வெளியே விட்டுவிட்டது. அவ்வளவுதான் எங்கள் போராட்டம். ஆனால் திருமூர்த்தியை வேனில் ஏற்றுவதை அவன் ஊர்க்காரர் ஒருவர் பஸ்ஸிலிருந்து பார்த்துவிட்டார். சென்னிமலைக்குப் பக்கத்தில் இருந்த அவன் கிராமத்துக்குச் செய்தி அன்றைக்கே போய்விட்டது. சாம்பார் சாதம் போட்டு வெளியே விட்ட சமாச்சாரம் மட்டும் அவ்வளவு வேகமாகப் போகவில்லை.

ஊரில் அவனுடைய அப்பா ராக்கியப்பனும் அம்மா சின்னாத்தாளும் இருந்தார்கள். மழையை நம்பிய கொஞ்சம் காடு, ஒரு பட்டி வெள்ளாடு. திருமூர்த்தி ஒரே மகன். அப்பாவை அந்தப் பக்கத்து வழக்கப்படி ‘ஐயன்’ என்றுதான் கூப்பிடுவான். ராக்கியப்பன் பயந்த சுபாவம். காக்கிச் சட்டையைப் பார்த்தால் போதும், பஸ் கண்டக்டர் முன்னால்கூட எழுந்து நின்றுதான் டிக்கெட் வாங்குவார்.

மில் மூடிய பிறகு திருமூர்த்தி கிடைத்த வேலைக்கெல்லாம் போனான். கருமத்தம்பட்டிப் பக்கம் விசைத்தறிகள் ரிப்பேர் பார்த்தான். நாலு நாள் வேலை இருக்கும், பத்து நாள் இருக்காது. அவன் மனைவி தெய்வாத்தாள் வீட்டிலேயே உட்கார்ந்து பனியன்களுக்கு நூல் கத்தரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மகள் மோகனப்பிரியாவைக் கான்வென்டிலிருந்து நிறுத்திக் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்கு அவன் எங்கள் வீட்டுக்கு வந்து, ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனான்.

அப்போதுதான் நைஜீரியா வந்தது. அங்கே ஒரு நூல் மில்லில் புது மெஷின்கள் இறக்குகிறார்கள், கோயமுத்தூர்ப் பிட்டர்கள் வேண்டும் என்று ஒப்பணக்காரத் தெருவில் டிராவல்ஸ் வைத்திருந்த அப்துல் மஜீத் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார். ஏஜென்டுகளை எனக்குப் பொதுவாகப் பிடிக்காது. மஜீத் பாய் வேறு மாதிரி. முடியாததை முடியும் என்று சொல்லமாட்டார். திருமூர்த்தியைக் கூட்டிக்கொண்டு நான்தான் போனேன். அவன் கையைப் பார்த்தே பிட்டர் என்று தெரிந்துகொண்டு வேலைக்குச் சரி என்றார். பிறகு பாஸ்போர்ட்டுக்கு வேண்டியதைச் சொல்ல ஆரம்பித்தார். ரேஷன் கார்டு, பள்ளிக்கூடத்து டி.சி., பத்தாவது மார்க் ஷீட். பத்தாவது பாஸானதால் வெளிநாட்டு வேலைக்குத் தனி அனுமதி வாங்க வேண்டியதில்லை என்று பாஸ்போர்ட்டிலேயே முத்திரை விழுந்துவிடுமாம். எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ், ஜெராக்ஸில் ஒரு அதிகாரியின் பச்சை மைக் கையெழுத்து. நம் மார்க் ஷீட் நம்முடையதுதான் என்று நம்மை முன்னப்பின்ன பார்த்திராத ஒரு மனிதர் பச்சை மையில் எழுதினால்தான் நம்புவார்கள். இதைக் கண்டுபிடித்தவன் மட்டும் என் கையில் கிடைக்கவேண்டும்!

போட்டோவைப் பற்றி மஜீத் பாய் தனியாகச் சொன்னார்.

“ரெண்டு காதும் தெரியோணுங்க. நெத்தில ஒண்ணும் வெக்காதீங்க. முக்கியமா ஒண்ணு, போட்டோல எப்படி இருக்கறீங்களோ அப்படியேதான் ஏர்போர்ட்டுக்கும் போகோணும். போன வருசம் நம்ம ஆளு ஒருத்தரு விசா வந்த சந்தோசத்துல பழனிக்குப் போயி மொட்டை போட்டுட்டு வந்துட்டாரு. கவுண்ட்டர்ல நிறுத்தி, இது நீ இல்லைன்னுட்டாங்க. அவரு பேசறதுக்குள்ள ப்ளைட் போயிருச்சுங்க.”

“நான் பழனிக்கெல்லாம் வேண்டிக்கலைங்க பாய்,” என்றான் திருமூர்த்தி. மூன்று பேரும் சிரித்தோம்.

விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். நிரந்தர முகவரி என்ற இடத்தில், இங்கே இருப்பது வாடகை வீடு என்பதால், சென்னிமலைப் பக்கத்துக் கிராமத்து வீட்டைப் போட்டோம். திருச்சி பாஸ்போர்ட் ஆபீசுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம்.

விசாரிக்கக் கிராமத்துக்கு ஒரு போலீஸ்காரர் போயிருக்கிறார். ராக்கியப்பன் ஆட்டுப்பட்டியில் நின்றிருக்கிறார். “திருமூர்த்திங்கறது உங்க பையனா?” என்று கேட்டிருக்கிறார் போலீஸ்காரர்.

“எனக்குப் பையனே இல்லீங்க சாமி,” என்று சொல்லிவிட்டார் ராக்கியப்பன்.

வேனில் ஏற்றிய கேசு இன்னும் முடியவில்லை, மகனைப் பிடித்துக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார் மனிதர். சின்னாத்தாள் சமையல்கட்டை விட்டு வெளியே வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களைக் கேட்டால் அவர்கள் அதற்கு மேல். பாவம் புள்ளை இல்லாத மனுசன் என்று அனுதாபப்பட்டே பேசியிருக்கிறார்கள். ஊரே சேர்ந்து அந்தப் போலீஸ்காரரை வழியனுப்பி வைத்துவிட்டு, ஒரு உயிரைக் காப்பாற்றிய திருப்தியோடு வேலையைப் பார்க்கப் போயிருக்கிறது.

மாதக்கணக்கில் பதில் இல்லை. கடைசியில் திருச்சியிலிருந்து வந்த கடிதத்தில், அந்த முகவரியில் அப்படி ஒருவர் இல்லை என்று போலீஸ் அறிக்கை வந்திருப்பதாக எழுதியிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு நேராகக் கிராமத்துக்குப் போய் ராக்கியப்பனைப் பிடித்துக் கத்தினேன். அவர் தலையைக் குனிந்தபடி, “புடிச்சுட்டுப் போக வந்தாங்கன்னு நெனச்சுப்போட்டேன் சாமி,” என்றார். அதற்கு மேல் எப்படிக் கத்துவது?

அவரைக் கூட்டிக்கொண்டு நானும் திருமூர்த்தியும் ஸ்டேஷனுக்குப் போனோம். படியேறும்போதே அவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். ஆனால் இன்ஸ்பெக்டர் மேசைக்கு முன்னால் போய் நின்றதும், நாங்கள் வாயைத் திறப்பதற்குள் அவரே பேச ஆரம்பித்துவிட்டார்.

“எம்பையந்தானுங்க. ஒரே பையனுங்க. அன்னைக்குப் பொய் சொல்லிப்போட்டனுங்க. இவன உட்டா எனக்குக் கொள்ளி வெக்கறதுக்கு ஆருங்க இருக்கறாங்க? என்னைய வேணாப் புடிச்சு உள்ள வெச்சுக்குங்க. பையனுக்குப் பாஸ்போட்டக் குடுத்துருங்க.”

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். சிரித்துவிட்டு, அவரை உட்காரச் சொன்னார். ராக்கியப்பன் உட்காரவில்லை. திரும்ப விசாரணை எழுதி அனுப்பினார்கள். இதற்குள் கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஓடிப்போயிருந்தது. மஜீத் பாய் முதலில் அனுப்பிய கூட்டம் நைஜீரியாவில் சம்பளம் வாங்க ஆரம்பித்துவிட்டது. இவன் பெயரை அடுத்த கூட்டத்தில் சேர்த்தார்.

தொண்ணூற்று ஆறில் ஒருவழியாகப் பாஸ்போர்ட் கிராமத்து முகவரிக்கு வந்தது. திருமூர்த்தி கையெழுத்துப் போட்டு வாங்கி, ஐயன் கையில் கொடுத்தான். அவர் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினார். பிறகு பிரித்துப் பார்த்திருக்கிறார். போட்டோவில் மகன் வெறும் நெற்றியோடு இருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. குங்குமத்தைத் தொட்டு அந்த நெற்றியில் ஒரு பொட்டு வைத்துவிட்டார்.

மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்ததால் போட்டோ தப்பியது. ஆனால் துடைத்த துடைப்பில் குங்குமம் ஓரத்துக் காகிதத்தில் இறங்கி, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சிவப்புக் கறையாக நின்றுவிட்டது. நான் ரப்பர் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை. மஜீத் பாய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பேரும் நம்பரும் மறையவில்லை, விட்டுவிடுங்கள் என்றார்.

“பையன் போற எடத்துல வெறும் நெத்தியோட நிக்கக்கூடாதுங்க,” என்று ராக்கியப்பன் எனக்குச் சமாதானம் சொன்னார். அவரிடம் கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை என்று நான் எப்போதோ முடிவு செய்துவிட்டேன். மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்ட அட்டை இருந்தால்தான் அந்த நாட்டுக்குள் விடுவார்கள் என்று இவனை மெட்ராஸ் கிண்டிக்கு அனுப்பியபோது, காமாலைக்கு இத்தனை தூரம் எதற்கு, நம் கிணற்றடியிலேயே கீழாநெல்லி முளைத்துக் கிடக்கிறதே என்று கேட்டவர் அவர்.

விசா வந்தது. இந்தத் தேதிக்குள் உள்ளே நுழைந்துவிட வேண்டும் என்று அதில் அச்சடித்திருந்தது. கம்பெனி டிக்கெட்டையும் அனுப்பிவிட்டது. பம்பாயிலிருந்து சனிக்கிழமை விமானம். வியாழக்கிழமை ரயில் ஏறவேண்டும். ஊரில் சொல்லிக்கொண்டு வருகிறேன் என்று குடும்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை கிராமத்துக்குப் போனான்.

திங்கட்கிழமை காலையில் ஆடுகளைப் பட்டியிலிருந்து திறந்துவிடப் போன ராக்கியப்பன், படல் கதவைத் தள்ளியவர் அப்படியே சரிந்துவிட்டார். ஆடுகள் அவரைச் சுற்றிக்கொண்டு வெளியே போயின. திருமூர்த்தி ஓடிப்போய்த் தூக்கியபோது உயிர் இல்லை.

தகவல் கிடைத்து சிங்காநல்லூரிலிருந்து பஸ் பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. திருமூர்த்தி என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதான். பிறகு காதோடு, “மஜீத் பாய்க்கு ஒரு போன் போடோணுங்கண்ணா,” என்றான். எனக்கு முதலில் விளங்கவில்லை. அவன் கை தன்னையறியாமல் தலைக்குப் போனதைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. அப்பனுக்குக் கொள்ளி வைக்கிற மகன் தலைமுடியும் மீசையும் எடுக்கவேண்டும். சனிக்கிழமை அவன் பாஸ்போர்ட்டை நீட்டிக்கொண்டு கவுண்ட்டரில் நிற்கவேண்டும்.

மெயின் ரோட்டில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போனோம். அவன் நம்பரைச் சுற்றிவிட்டு என்னிடம் நீட்டினான். ரிசீவரை நான் வாங்கிக் கேட்டேன்.

“நான் பொய் சொல்லமாட்டேங்க,” என்றார் மஜீத் பாய். “உட்டாலும் உடுவாங்க. நிறுத்துனாலும் நிறுத்துவாங்க. அந்த நேரத்துக்கு அங்க உக்காந்திருக்கற ஆளப் பொறுத்ததுங்க. நிறுத்திட்டா டிக்கெட்டும் போச்சு, விசா தேதியும் போச்சு. கம்பெனி அடுத்த ஆளப் போட்டுக்கும். வேற போட்டோ மாத்தறதுக்கெல்லாம் நாளில்லைங்க. எடுக்காதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரலீங்க. எடுங்கன்னும் சொல்ல முடியலீங்க.”

நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு திருமூர்த்தி பூத்துக்கு வெளியே ரோட்டைப் பார்த்தபடி நின்றான். “நான் போகலீங்கண்ணா,” என்றான். நாலடி நடந்த பிறகு, “பாப்பாவுக்கு என்ன பதில் சொல்றதுங்கண்ணா?” என்றான். வீடு வந்து சேரும்வரை இப்படியே மாறி மாறிச் சொல்லிக்கொண்டு வந்தான்.

வாசலில் பாடை கட்டியாகிவிட்டது. ஊர் நாவிதர் கத்தியும் கிண்ணியில் தண்ணீருமாக வந்து, “முடி இங்கியே எடுத்தரலாங்களா, காட்டுல வெச்சு எடுக்கறதுங்களா?” என்று கேட்டார். திருமூர்த்தி என்னைப் பார்த்தான். நான்தான் விஷயத்தைச் சொன்னேன். சொன்னதும் பேச்சு கிளம்பியது. பெத்த அப்பனைவிட நைஜீரியா பெரிதா என்றார் ஒருவர். தலையை மட்டும் எடுத்துவிட்டு மீசையை விட்டுவிடலாமே என்று பஞ்சாயத்துப் பேசினார் இன்னொருவர். சவுரி வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்றுகூட ஒரு புத்திசாலி சொன்னான். செத்தவர் அங்கே படுத்திருக்க, ஒரு தலைமுடியைப் பற்றி இருபது பேர் வாயடித்துக்கொண்டிருந்தோம். எனக்கு வந்த எரிச்சல் சொல்லி முடியாது.

திருமூர்த்தியின் சித்தப்பா, ராக்கியப்பனுடைய தம்பி, முடிவாகச் சொன்னார். “முடி எடுக்காதவன் கொள்ளி வெக்கக்கூடாதுங்க. நம்மூட்டு வழக்கம் அப்படி இல்லை.”

திருமூர்த்தி போய் நாவிதரின் முன்னால் உட்கார்ந்துவிட்டான். “எடுங்க,” என்றான். நாவிதர் தண்ணீரைத் தொட்டு அவன் தலையில் தடவினார்.

அப்போது பெண்கள் கூட்டத்திலிருந்து சின்னாத்தாள் எழுந்து வந்தாள். தலை கலைந்திருந்தது, அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

“கத்தியப் பொட்டில வெய்யிங்க,” என்றாள் நாவிதரிடம். “இவனுக்கு எடுக்க வேண்டாம். அருளுக்கு எடுங்க. அவன் கொள்ளி வெக்கட்டும்.”

அருள்குமார் அந்தச் சித்தப்பாவின் மகன். இருபது வயசுப் பையன். அவன் திகைத்துப்போய் நின்றான்.

“அண்ணி, பெத்த பையன் இருக்கறப்ப...” என்று சித்தப்பா ஆரம்பித்தார்.

“பெத்த பையன் இல்லைன்னு அவியளே ஒருக்காச் சொல்லியிருக்கறாங்க,” என்று செத்துக் கிடந்த புருஷனைக் காட்டினாள் சின்னாத்தாள். “போலீசுகாரன் கேட்டப்ப, இவன் நல்லா இருக்கோணுமின்னு எனக்குப் பையனே இல்லைன்னு சொன்ன மனுசன். இன்னைக்கு ஒருநாளு இல்லாமயே போகட்டும். அவிய ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாங்க.”

நாவிதர் கத்தியை எடுத்துக்கொண்டு அருள்குமார் பக்கம் நகர்ந்தார். திருமூர்த்தி அப்படியே உட்கார்ந்திருந்தான். சின்னாத்தாள் தன் முந்தானையால் அவன் தலையில் இருந்த ஈரத்தைத் துடைத்தாள். குளித்துவிட்டு வந்த குழந்தைக்குத் துவட்டுவதுபோலத் துவட்டினாள். அப்போதுதான் அவன் கதறினான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த இடத்தில் அழாமல் நின்றவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் மனிதர்களில் சேர்த்தியில்லை.

அருள்குமார் மொட்டைத் தலையோடு கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். திருமூர்த்தி எங்களோடு பின்னால் வந்தான், ஏதோ அடுத்த ஊரிலிருந்து எழவுக்கு வந்தவன்போல. சுடுகாட்டில் தீ வைத்தபோது துண்டை வாயில் திணித்துக்கொண்டு ஒரு வேலமரத்தின் மறைவில் நின்றான். காற்று திசை மாறி அவன் இருந்த பக்கம் புகை போனது. அவன் நகரவில்லை.

அந்தப் பக்கத்து வழக்கப்படி மூன்றாம் நாளே கருமாதி. அப்பன் போன பிறகு இனி வீட்டுக்கு இவன்தான் என்று, மழித்த தலையில் தாய்மாமன் புது உருமாலைத் தலைப்பாகையாகக் கட்டுவது வழக்கம். சின்னாத்தாளின் அண்ணன் உருமாலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினார். திருமூர்த்தியையும் அருள்குமாரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அருள்குமாரின் தலையில் கட்டினார். பையன் குனிந்த தலை நிமிரவே இல்லை. அவனும் பாவம், அது அவனுக்கு வேண்டாத மரியாதை.

மறுநாள் திருமூர்த்தி ரயில் ஏறினான். கோயமுத்தூர் ஜங்ஷனில் நானும் தெய்வாத்தாளும் மோகனப்பிரியாவும் நின்றோம். அந்த முடியை நன்றாகப் படிய வாரியிருந்தான். போட்டோவில் இருப்பது மாதிரியே.

பிறகு மாதா மாதம் பணம் வந்தது. மோகனப்பிரியா பழைய பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினாள். ஊரில் மட்டும் அவன் பெயர் கெட்டுத்தான் கிடந்தது. கல்யாணத்துக்குப் போனாலும் காது குத்துக்குப் போனாலும், அப்பனுக்கு முடி எடுக்காமல் ஓடிப்போனவன் என்று யாராவது சின்னாத்தாளின் காதுபடச் சொல்லிவிடுவார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்வாள். “எடுத்திருந்தா உட்டிருக்க மாட்டாங்க. போட்டோவையும் மூஞ்சியவும் ஒத்துப் பாத்துத்தான் உடுவாங்களாமா. நாந்தான் வேண்டாமின்னேன்.” விசா என்றால் என்னவென்று தெரியாத அந்த அம்மாள், கவுண்ட்டரில் முகம் பார்க்கிற விதிமுறையை அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே சொல்லிக்கொடுத்தாள்.

இரண்டு வருஷம் கழித்து, தொண்ணூற்று எட்டு வைகாசியில் லீவில் வந்தான். பார்ப்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை கிராமத்துக்குப் போனேன். பஸ் நிறுத்தத்தில் நின்றவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. வந்த மறுநாளே பவானி கூடுதுறைக்குப் போய்த் தலையும் மீசையும் எடுத்து, ஐயனுக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டு வந்திருந்தான். முகம் யாருடையதோ மாதிரி இருந்தது. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ராக்கியப்பன் தெரிந்தார்.

இரண்டு பக்கமும் வேலி போட்ட இட்டேரி வழியாக நடந்தோம். எனக்கு வாய் சும்மா இருக்காது. “ஏப்பா, லீவு முடிஞ்சு திரும்பிப் போகோணுமே. இந்தத் தலையோட போனா உடுவாங்களா?” என்றேன்.

அவன் நின்றுவிட்டான்.

“உடுவாங்கண்ணா,” என்றான். “அங்க மூஞ்சியவே பாக்கறதில்லீங்க.”

எனக்குப் புரியவில்லை.

“அன்னைக்கு பம்பாய்ல வரிசைல நிக்கறப்ப, போட்டோல இருக்கற மாதிரி மூஞ்சிய வெச்சுக்கிட்டு நின்னனுங்க. சிரிக்காம, அழுகாம. கவுண்ட்டர்ல இருந்தவரு பக்கத்துச் சீட்டுக்காரர்கூட என்னமோ கிரிக்கெட் பேசிட்டு இருந்தாருங்க. பாஸ்போட்ட வாங்குனாரு, பிரிச்சாரு. ஐயன் வெச்ச குங்குமக் கறை இருக்குதல்லீங்க, அதைக் கட்டைவெரல்ல தேச்சுப் பாத்துட்டு, இது என்னன்னு இந்தில கேட்டாரு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலீங்க. பாதர், சார்ன்னேன். சீலக் குத்தித் தள்ளி உட்டுட்டாரு. கடைசி வரைக்கும் தலையத் தூக்கவே இல்லீங்கண்ணா.”

எனக்கு யாரையாவது கெட்ட வார்த்தையில் திட்டவேண்டும்போல இருந்தது. யாரைத் திட்டுவது? மஜீத் பாய் பொய் சொல்லவில்லை. கவுண்ட்டரில் இருந்தவர் ஒரு குற்றமும் செய்யவில்லை. சின்னாத்தாள் எடுத்த முடிவில் தப்பு என்று நாக்கு அழுகினாலும் நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு அப்பனுடைய கொள்ளி போய்விட்டது. கவுண்ட்டரில் அந்த மனிதர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நிமிர்ந்து பார்த்திருக்கக்கூடாதா? பார்த்துவிட்டுக் குனிந்திருந்தால் இவன் மனசு ஆறியிருக்குமே.

“ஆத்தாகிட்டச் சொல்லிப்போடாதீங்கண்ணா,” என்றான் திருமூர்த்தி. “மூஞ்சியவும் போட்டோவையும் வெச்சு உத்து உத்துப் பாத்தாங்கன்னு சொல்லியிருக்கறேன். அவ பேச்சக் கேட்டுத்தான் தப்பிச்சேன்னு சொல்லியிருக்கறேன்.”

வீட்டில் சின்னாத்தாள் எனக்குச் சோறு போட்டாள். இரண்டு வருஷத்தில் ரொம்ப இளைத்துவிட்டிருந்தாள். திருமூர்த்தி ஆட்டுப்பட்டிப் பக்கம் போன நேரம் பார்த்து என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“ஏஞ்சாமி, நீங்க ஆபீசுல இருந்தவிய. உங்களுக்குத் தெரியும். அந்தாபீசரு நெசமாலுமே இவன் மூஞ்சியப் பாத்தாராமா? இல்லை, எம்மனசுக்காகச் சொல்றானா?”

நான் தண்ணீர் குடித்தேன்.

“பாத்தாருங்கம்மா,” என்றேன். “ஒரு தடவையில்லை, மூணு தடவை பாத்தாராம். மீசையக்கூட ஒத்துப் பாத்தாராம். மொட்டை போட்டுட்டு வந்த இன்னொருத்தன அன்னைக்கே திருப்பி அனுப்பிச்சுட்டாங்களாம். என்கிட்டயும் சொன்னான்.”

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மனிதர் பார்க்காத பார்வையை எல்லாம் சேர்த்து வைத்து என்னைப் பார்த்தாள். நான் போட்டோவுக்கு நிற்கிறவன் மாதிரி, சிரிக்காமல் அழாமல் உட்கார்ந்திருந்தேன்.

“அப்பச் செரி,” என்றாள். “அவிய கோவிச்சுக்க மாட்டாங்க.”

எழுந்து போய், இன்னும் கொஞ்சம் சோறு கொண்டுவந்து என் இலையில் வைத்தாள்.